ஷாமெ கடைசியாகப் பார்த்தது

கொஜானித் தீவுக்காரர்களைப் பற்றிப் பக்கத்துத் தீவான பெம்பாவின் ஊர்களில் ஒரு கேலி உண்டு. "அவங்க ஊர்ல பிள்ளை பொறந்தா அழாது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும்" என்பார்கள். சொல்கிறவர்கள் கிராம்புத் தோட்டம் வைத்திருப்பவர்கள். மரத்தில் ஏறிப் பறித்து, பாயில் காய வைத்து, மூட்டை கட்டினால் அவர்கள் பிழைப்பு நடந்துவிடும். கொஜானியில் மண்ணே கொஞ்சம். அதிலும் வீடும் பள்ளிவாசலும் போக மிச்சம் ஒன்றும் இல்லை. அதனால் ஆண்கள் கடலுக்குள் இறங்கினார்கள். வலைக்காரர்கள் ஒரு கூட்டம், குளியாட்கள் ஒரு கூட்டம். குளியாளுக்கு வலை கிடையாது, தூண்டில் கிடையாது. முகத்தில் மாட்ட ஒரு கண்ணாடி, ஒரு கொக்கிக் கம்பி, நெஞ்சு நிறைய மூச்சு, அவ்வளவுதான் முதல்.

கொம்போ குளியாள். அவனுடைய கூட்டாளி ஷாமெ. இருவருக்கும் சேர்த்து ஒரு தோணி, இரண்டு பக்கமும் மிதவைக் கட்டை வைத்தது. கிழிந்த பாய்மரப் பாயை ஏற்றிக்கொண்டு வெளிப்பாருக்குப் போவார்கள். பார் என்பது கடலுக்கடியில் மலைபோல் கிடக்கும் பாறைத் திட்டு, அதில் எட்டுக்கைப் பேய்க்கணவாய் நிறைய. ஒருவன் கீழே போனால் மற்றவன் தோணியில் இருக்க வேண்டும். தோணியில் இருப்பவன் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. குளியாட்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான். அதை இருவரும் ஒருநாளும் மீறியதில்லை.

கொம்போ வேலையில் கெட்டி. கீழே போனால் அவன் கண் பொந்துகளைத்தான் தேடும். பொந்து வாசலில் உடைந்த சிப்பி கிடக்கிறதா, கல் அடுக்கி வைத்திருக்கிறதா, உள்ளே ஒரு கண் முழிக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் கொக்கியைப் போடுவான், மேலே வருவான். ஷாமெ அப்படி இல்லை. அவன் பல தடவை வெறுங்கையோடு வருவான். மிதவைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான், சிரிப்பான்.

"என்னடா பண்ண இவ்வளவு நேரம்?" என்று கொம்போ கத்துவான்.

"உன் மாமியாரைப் பாத்தேன். பொந்துல உக்காந்திருக்கா. எட்டுக் கையாலயும் உன்னைக் கூப்பிடுறா."

"எனக்குக் கல்யாணமே ஆகல, மாமியார் எங்கேருந்துடா வந்தா?"

"அதான் கேட்டா, எப்போ வரப் போறான்னு."

ஒருநாள் ஷாமெயின் விரலைச் சிப்பி கிழித்துவிட்டது. மேலே வந்தவன் விரலைக் கவனிக்கவே இல்லை. "டேய், கீழ என் ரத்தம் பச்சையா வருது! சத்தியமா! நான் மனுஷனே இல்லடா, ஏதோ மரம்" என்று குதித்தான். ஆழத்தில் சிவப்பு நிறம் செத்துப்போகும் என்பது எல்லாக் குளியாட்களும் அறிந்ததுதான். ஆனால் அதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவனைக் கொம்போ பார்த்ததில்லை.

"வேற என்னடா பாக்குறே அங்க?" என்று ஒருமுறை உண்மையாகவே கேட்டான்.

ஷாமெ யோசித்தான். "தெரியலடா. எல்லாத்தையும்" என்றான்.

வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் அது நடந்தது. ஷாமெ கீழே போயிருந்தான். கொம்போ தோணி விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஷாமெ திரும்பி வருவது தெரிந்தது. அவசரமில்லாமல் காலை உதைத்து, முகத்தை மேலே நிமிர்த்தியபடி வந்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் அவன் கால்கள் நின்றன. விளக்குத் திரியை யாரோ இறக்கியதுபோல இருந்தது. கொம்போ குதித்தான், பிடித்தான், தோணியில் போட்டான். நெஞ்சை அழுத்தினான், வாயில் ஊதினான், பெயர் சொல்லிக் கத்தினான். கரை வரும்வரை ஊதிக்கொண்டே இருந்தான்.

ஊரில் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. "மூச்சு அப்படித்தான். கீழ தாங்கும், மேல வரவர ஏமாத்திடும்" என்றார்கள் பழைய குளியாட்கள். ஷாமெக்குத் தாய் தகப்பன் இல்லை. அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா மீஸே. அவளும் ஒரு சொல் சொல்லவில்லை. கொம்போவின் கையைப் பிடித்து, "நீ அவனை வீட்டுக்குக் கொண்டாந்துட்டே, அது போதும்" என்று மட்டும் சொன்னாள். அதைத் தாங்க முடியாமல்தான் அவன் ஊரை விட்டே போனான்.

பெரிய தீவான உங்குஜாவுக்குப் போய், பழைய நகரத்தின் சந்துகளில் சுற்றி, கடைசியில் சுஃபியானி என்பவரின் படக்கடையில் ஒண்டினான். சுற்றுலா வருகிறவர்களுக்கு யானை, சிங்கம், மீன் எல்லாம் பலகையில் வரைந்து விற்கிற கடை. சைக்கிளுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில் வரைவார்கள். முதலில் பலகையைத் தேய்த்தான். பிறகு பின்னணிக்கு மஞ்சள் அடித்தான். கொஜானிக்காரன் என்று தெரிந்ததும் சுஃபியானி, "அப்போ உனக்கு மீன் சிங்கத்தை விட நல்லாத் தெரியும்" என்று தூரிகையைக் கையில் கொடுத்துவிட்டார்.

கொம்போ வரைந்த மீன்களுக்கு உதடு சிவப்பாக இருக்கும், கண் பெரிதாக இருக்கும், உடம்பெல்லாம் புள்ளி இருக்கும். எந்தக் கடலிலும் இல்லாத மீன்கள். நன்றாக விற்றன. அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெயிண்ட் வாசனை, சந்தில் நடக்கிற வாய்ச்சண்டைகள், தேநீர்க்காரனின் இஞ்சி மணம், எல்லாம் கடலை மறக்க வைத்தன. ஸுவேனாவைக் கல்யாணம் செய்தான். பள்ளிக்கூட வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து மந்தாஸி என்கிற மாவுப் பலகாரம் சுட்டு விற்கிற பெண். வாய்த்துடுக்கு அதிகம், கை அதைவிடத் தாராளம். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பெருநாள் மாலையில் கடற்கரைக்குப் போனால் பிள்ளைகள் அலையில் குதிக்கும். அவன் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டான். ஸுவேனா ஏன் என்று கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பே யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

தம்பி பக்காரியின் கல்யாணத்துக்காகக் கொம்போ கொஜானியில் தங்க வேண்டி வந்தது. அதுவரை வந்தால் அன்றைக்கே திரும்பிவிடுவான். பந்தி முடிந்து அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி மீஸே அவனிடம் வந்தாள். மேலே சுற்றியிருந்த காங்காத் துணியை இடுப்பில் இறுக்கிச் சொருகியிருந்தாள். தினமும் கடல் வற்றும் நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றில் கடற்பாசி கட்டுகிற வேலை அவளுக்கு. விரல்கள் உப்பில் ஊறி வெளுத்துப் போயிருந்தன.

"நகரத்து மாப்பிள்ளை, நீ கடல் படம் வரையிறியாமே?"

"மீன் படம் அக்கா. வெள்ளைக்காரங்களுக்கு."

"எனக்கு ஒண்ணு வரைஞ்சு குடு."

கொம்போவுக்கு முகம் மலர்ந்தது. "எந்த மீன் வேணும், சொல்லுங்க!"

"மீன் வேண்டாம். தொழுற அறையில மாட்டப் போறேன். கண்ணு மூக்கு உள்ள உயிர் எதுவும் அங்க இருக்கக் கூடாது."

"கண்ணு இல்லாத எது அக்கா கடல்ல இருக்கு?"

"அதைத்தானே உன்கிட்ட கேக்குறேன்." அவள் குரல் தணிந்தது. "ஷாமெ கடைசியா பாத்தது என்னன்னு வரைஞ்சு குடு."

அவளே தொடர்ந்தாள்.

"நான் பொழுதன்னைக்கும் தண்ணியிலதான் நிக்கிறேன். ஆனா தலையை உள்ள விட்டதில்லை. நம்ம பொம்பளைங்க யாரு விட்டிருக்கா? அங்க இருட்டா இருக்குமா, குளிருமா, அவன் பயந்திருப்பானா, ஒண்ணும் தெரியாது. அடக்கம் பண்ண கபன் துணியை மூடறதுக்கு முன்னாடி முகத்தைக் காட்டினாங்க. தூங்குற பிள்ளை மாதிரிதான் இருந்துச்சு. என்னத்தைப் பாத்துட்டு அப்படித் தூங்கினான்? யார்கிட்ட கேக்குறது? உன்னைத்தான் கேக்கணும். நீ ஓடிட்டே."

"ஓடலை அக்கா..."

"ஓடினே. பரவாயில்லை. இப்போ வந்துட்டே இல்ல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "பவளம் வரையலாமா?" என்று கேட்டான்.

"பவளம் கல்லுதானே?"

விரல் பட்டால் பவளம் தன் சின்னச் சின்ன வாய்களை உள்ளிழுத்துக்கொள்ளும். கொம்போ அதை ஆயிரம் தடவை உணர்ந்தவன். "கல்லுதான் அக்கா" என்றான்.

நகரத்துக்குத் திரும்பியதும் ஒரு நல்ல பலகையாகத் தேர்ந்தெடுத்தான். அதன் முன் உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு உண்மை உறைத்தது. வெளிப்பாரில் எத்தனை பொந்து உண்டு, எந்தப் பொந்தில் அஞ்சாலை மீன் பாம்புபோல் சுருண்டிருக்கும் என்று கண்ணை மூடிச் சொல்வான். ஆனால் பொந்தைச் சுற்றி என்ன இருந்தது? அதற்கு மேலே தண்ணீர் எப்படி இருந்தது? ஒன்றும் நினைவில் இல்லை. அவன் அதையெல்லாம் பார்த்ததே இல்லை. பார்த்தவன் ஷாமெ. அவன் மண்ணுக்குள் கிடக்கிறான்.

நீலம் அடித்தான். காய்ந்ததும் அதன்மேல் வேறு நீலம் அடித்தான். சுஃபியானி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"மீன் எல்லாம் எங்கடா போச்சு? வலைக்காரன் வாரிட்டுப் போயிட்டானா?"

பலகையை வீட்டுக்குக் கொண்டு போனான். ஸுவேனா பார்த்தாள். "நல்லா இருக்கு. பள்ளிக்கூடச் சுவத்துக்கு இதே கலர்தான் அடிச்சிருக்காங்க" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதே. வா, சாப்பிடு" என்றாள்.

அப்படியே மழைக்காலம் போயிற்று. ஒரு காலையில் அவள் மந்தாஸிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஸுவேனா, நான் ஒரு தடவை கீழ போய்ப் பாக்கணும்."

அவள் கை நின்றது. பிறகு மாவை வேண்டிய அளவுக்கு மேல் குத்தினாள்.

"போகாம வரைய முடியாதா?"

"முடியல."

"உன் தொந்தியைப் பாத்தியா? கீழ போறதுக்கு முன்னாடி அது மிதக்கும்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. மாவுக் கையோடு அவன் கன்னத்தைத் திருப்பினாள். "போ. ஆனா தோணியில யாரு இருப்பா? அதை மட்டும் சொல்லு. தண்ணியை விட்டுக் கண்ணெடுக்காத ஆளா இருக்கணும். உன் தம்பி புது மாப்பிள்ளை, அவன் கண்ணு வீட்டுப் பக்கமே போகும்."

கொஜானிக்குப் போய் அதையே மீஸேயிடம் சொன்னான். தோணி ஓட்டவும் ஆபத்தென்றால் குதிக்கவும் பக்காரி இருக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கத்தான் ஒரு ஆள் வேண்டும் என்றான்.

"நான் வர்றேன்" என்றாள் மீஸே.

"அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"பாக்குறதுக்கு நீச்சல் எதுக்கு? கண்ணு இருக்கு. வா."

பெண்பிள்ளை குளியாள் தோணியில் ஏறுவதைக் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா?

"கொம்போ, தூண்டிலுக்கு இரை இல்லாம அக்காவைக் கொண்டுட்டுப் போறியா?"

மீஸே காங்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோணிக்குள் கால் வைத்தாள். "உன்னை இரையாப் போட்டா நண்டுகூடக் கடிக்காதுடா. வலையைப் பொத்து, ஓட்டை உன் வாய் அளவுக்கு இருக்கு."

கரையே சிரித்தது. பக்காரி பாயை ஏற்றினான்.

வெளிப்பார் வந்ததும் கொம்போ கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினான். மிதவைக் கட்டையைப் பிடித்து மூச்சை ஒழுங்கு செய்தான். தலைகீழாகக் கவிழ்ந்து இரண்டு உதை உதைத்தான். காதுக்குள் ஊசி ஏறியதுபோல் வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினான், காது திறக்கவில்லை. நெஞ்சு அடைத்தது, ஷாமெயின் நின்றுபோன கால்கள் கண்முன் வந்தன. அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். இருமினான், மூக்கு ஒழுகியது. பக்காரி, "அண்ணே, போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்றான்.

மீஸே மடியிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, பச்சைத் தோலைக் கத்தியால் சுற்றிச் சீவி, பாதியாக வெட்டி நீட்டினாள். "இதைச் சாப்பிடு. கடல் எங்கேயும் போகாது." அவன் தண்ணீரில் மிதந்தபடி ஆரஞ்சை உறிஞ்சினான். உப்பும் இனிப்புமாக இறங்கியது. அவள் அவன் தலையில் ஒட்டியிருந்த பாசித் துணுக்கை எடுத்துப் போட்டாள். சின்ன வயதில் அவனையும் ஷாமெயையும் ஒன்றாகக் குளிப்பாட்டியவள் அவள்.

காத்திருந்தான். மூச்சு தானாக நீண்டது. பிறகு கவிழ்ந்தான். இம்முறை அவசரப்படவில்லை. காது ஒரு சின்னச் சத்தத்தோடு திறந்தது, இன்னொரு காதும் திறந்தது. கொஞ்ச தூரம் உதைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வேண்டியதில்லை. கடல் அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. கல் விழுவதுபோல், ஆனால் கல்லுக்கு இல்லாத சுகத்தோடு, அவன் விழுந்துகொண்டிருந்தான். கையில் கொக்கி இல்லை. பிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. நெஞ்சுத் துடிப்பு மெதுவாகி, பக்கத்து வீட்டில் யாரோ உலக்கை போடுவதுபோல எங்கோ கேட்டது.

பாரின் தோளில் கையை ஊன்றி நின்றான். பொந்துகளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் நறநறச் சத்தம் நாலா பக்கமும் கேட்டது. மேலே கொண்டுவந்தால் சிவப்பாய்த் தெரியும் விசிறிப் பவளங்கள் இங்கே சாம்பலும் ஊதாவுமாக ஆடின. ஒரு களவா மீன் வாயைத் திறந்து மூடி, 'யாரு நீ?' என்பதுபோல் பார்த்தது. வெயில் கம்பி கம்பியாக இறங்கி, கீழே போகப் போக நூலாகி, பாரின் அந்தப் பக்கத்துச் சரிவில் நீலத்துக்குள் கரைந்துபோயிற்று. இருட்டே இல்லை. அந்த நீலத்துக்கு ஒரு முடிவும் இல்லை. ஷாமெ வெறுங்கையோடு வந்ததன் காரணம் அவனுக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்தது.

வயிறு ஒரு தடவை வெட்டி இழுத்தது. நேரமாயிற்று என்று உடம்பு சொன்னது. பாரை ஒரு உந்து உந்திவிட்டு மேலே கிளம்பினான்.

மேலே கிளம்புகிறவன் பாரைப் பார்க்க மாட்டான். தலையை நிமிர்த்தி மேலேதான் பார்ப்பான். கொம்போ பார்த்தான். கடலின் மேல்தோல் உருக்கிய வெள்ளிபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் வட்டமாக ஒரு வெளிச்சம். வட்டத்துக்குள் தோணியின் கறுத்த வயிறு, இரண்டு பக்கமும் மிதவைக் கட்டைகளின் கோடு. விளிம்பில் ஒரு தலை குனிந்திருந்தது. முகம் தெரியவில்லை, வெளிச்சத்துக்கு எதிரே வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. காங்காவின் நுனி மட்டும் காற்றில் படபடத்தது. அந்தத் தலை அசையவே இல்லை. அவன் ஏற ஏற அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து மூச்சிழுத்தான். மிதவைக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"என்னடா பாத்தே?" மீஸே கேட்டாள்.

"அக்கா... நான் கீழ இருந்த நேரம் பூரா நீங்க குனிஞ்சே இருந்தீங்களா?"

"நீதானே சொன்னே கண்ணெடுக்காதேன்னு. கழுத்து பிடிச்சுக்கிச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நான் வரைஞ்சு தர்றேன்."

நகரத்துக்குப் போகும்வரை பொறுக்க அவனுக்கு மனமில்லை. தோணிக்கு அடிக்க வைத்திருந்த வெள்ளை, நீலம், கறுப்பு டப்பாக்களைத் தம்பி வீட்டிலிருந்து எடுத்தான். மண்ணெண்ணெய் கலந்து இளக்கினான். பழைய கதவுப் பலகை ஒன்றைத் தேய்த்து எடுத்துக்கொண்டான். சிவப்பு வேண்டியிருக்கவில்லை. புதுப்பெண் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். தேநீர் ஆறிப்போகும். வெளிச்சத்தை வரைவது மீனை வரைவதுபோல் இல்லை. வெள்ளை அடித்தால் அது வெறும் வெள்ளையாகவே நின்றது. சுற்றிலும் நீலத்தை இருட்டாக்கிக்கொண்டே வந்தபோது ஒரு கட்டத்தில் நடுவிலிருந்த வெள்ளை தானாகப் பற்றிக்கொண்டது. அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான்.

பலகை காய்ந்ததும் மீஸே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அவள் அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். பிறகு வந்து தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

"இப்படித்தானே?"

"இல்ல அக்கா, முதல்ல இருந்ததுதான் சரி. அவன் கீழ இருந்து மேல பாத்தது."

மறுபடியும் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு வெளிச்சமா இருக்குமா? எனக்காகக் கூட்டிப் போட்டியா?"

"கூட்டல. இதைவிட வெளிச்சம். பெயிண்ட்ல அவ்வளவுதான் வந்துச்சு."

அவள் விரல் தோணியின் கறுத்த வயிற்றைத் தொட்டு, விளிம்புக்கு நகர்ந்து, குனிந்திருந்த அந்தத் தலையில் நின்றது.

"இது யாரு?"

"முகம் இல்ல அக்கா, பாருங்க. அங்கேருந்து பாத்தா முகம் தெரியாது. நீங்க சொன்ன மாதிரி கண்ணு மூக்கு எதுவும்..."

"அதைக் கேக்கல. யாரு இது?"

"நான்."

"நீ குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தியா?"

"ஆமா அக்கா. கண்ணெடுக்கல. ஒரு தடவைகூட எடுக்கல."

மீஸே கட்டிலில் உட்கார்ந்தாள். காங்காவின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கையை நீட்டி அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அப்போ அவன் உன்னைப் பாத்துக்கிட்டேதான் வந்திருக்கான்" என்றாள். "வீட்டுக்கு வர்றவன் வாசல்ல நிக்கிற ஆளைப் பாத்துட்டு வர்ற மாதிரி."

அவன் அழுதான். ஊரை விட்டுப் போன நாளிலிருந்து அழாதவன். அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பெயிண்ட் நாத்தம் தாங்கல, போய் மூஞ்சியைக் கழுவு. தேங்காய்ப்பால்ல கணவாய் வச்சிருக்கேன், ஆறிடும்" என்று எழுந்து போனாள்.

படம் தொழுகை அறைச் சுவரில் தொங்கியது. பள்ளிவாசல் இமாமின் மனைவி ஒருநாள் வந்தவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, தோணிக்கு உயிர் உண்டா என்று யோசித்து, இல்லை என்று தீர்மானித்து, அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அவளுக்கும் கடலில் போன ஒரு அண்ணன் உண்டு. மறுமாதம் அவளும் ஒரு படம் கேட்டு அனுப்பினாள்.

கொம்போ நகரத்துக்குத் திரும்பி உதடு சிவந்த மீன்களையே வரைந்தான், பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. நடுவில் தனக்காகத் தண்ணீரும் வரைந்தான். சுஃபியானி அவற்றைக் கடையின் கோடியில் மாட்டினார். "வாங்க மாட்டாங்க" என்றார். வாங்குகிறவர்கள் குறைவுதான். வந்தவர்கள் அவற்றின் முன்னால் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பதைப் பார்த்து, தேநீர் குடிக்கும்போது தானும் அங்கேயே போய் உட்காரத் தொடங்கினார்.

கடற்கரையில் இப்போது அவன் செருப்பைக் கழற்றுகிறான். ஸுவேனா மணலில் மந்தாஸிக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அவன் தலை தண்ணீருக்குள் போனதும் அவள் பேச்சு நின்றுவிடும். யார் வந்து என்ன கேட்டாலும், அது மேலே வரும்வரை திரும்ப மாட்டாள்.

அடுத்த முறை கொஜானிக்குப் போனபோது கொம்போ தன் பழைய கண்ணாடியை மீஸேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். கடல் வற்றியிருந்தது, பெண்கள் பாசிக் கயிறுகளின் நடுவே நின்றிருந்தார்கள். அவள் அதைத் தலைத்துணிக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். அவன் பட்டையை இறுக்கிவிட்டான். முழங்காலை மடக்கி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். மூக்கில் ஏறிய உப்பை வைதாள். "நாங்க எல்லாம் பாத்துட்டோம் அக்கா, நீங்க மண்டி போட்டது!" என்று பக்கத்துக் கயிற்றுக்காரிகள் கூவினார்கள்.

மீஸே அவர்களைச் சட்டை செய்யவில்லை. மறுபடி முகத்தை வைத்தாள். இம்முறை எடுக்கவில்லை. கொம்போவின் விரல்களை அவள் பிடித்த பிடி மெல்லத் தளர்ந்தது. தண்ணீருக்குள் ஏதோ சொன்னாள், குமிழியாகத்தான் வந்தது. தலையை நிமிர்த்தியபோது வாயெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"டேய், என் பாசிக்குள்ள ஒரு ஊரே குடியிருக்குடா! நான் பாட்டுக்கு இது மேலயே மிதிச்சுக்கிட்டு நடந்திருக்கேன்!"

"எல்லாத்துக்கும் கண்ணு இருக்கு அக்கா" என்றான் கொம்போ.

"இருக்கட்டும், இருக்கட்டும். நகரு, மறைக்காதே" என்று அவள் மறுபடியும் குனிந்தாள்.